சனத்தை எங்கே வைப்பது?

ஒலிப்பதிவு வேலை பழக வந்த எனக்குக் கிடைத்த முதல் பாடநூல் ஒரு ரொக் குழுவின் இசைத்தட்டு: ரஷ் குழுவின் ‘ஆர்40 லைவ்’. 2015 ஜூன் 17, 19 ஆகிய இரண்டு இரவுகளில் ரொறன்ரோவின் ஏர் கனடா சென்டரில் பதிவானது. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி மூன்று இறுவட்டுகளாக வெளிவந்தது. அந்த அரங்குக்கு இப்போது ஸ்கோஷியாபேங்க் அரீனா என்று பெயர். டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் குழுவில் சேர்ந்து நாற்பது ஆண்டு ஆனதையொட்டிப் போன சுற்றுப்பயணம் அது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 35 நிகழ்ச்சிகள். தட்டுக்கு எடுத்துக்கொண்டது சொந்த ஊர் இரவுகளை.

அதை என்னிடம் தந்தவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கல்யாணம், அரங்கேற்றம், கோயில் திருவிழா, மெல்லிசை நிகழ்ச்சி என்று எல்லாவற்றுக்கும் ஒலியமைப்புச் செய்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணை என்றே எழுதுகிறேன். இளவயதில் யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். இங்கே வந்த பிறகு பெரிய அரங்குகளில் லொறியிலிருந்து பெட்டி இறக்கும் வேலைக்குப் போய், பெட்டிக்குள் இருப்பது என்னவென்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். யாரிடமாவது எதையாவது விளக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்.

எனக்கு ரொக் இசையோடு அதிகம் பழக்கமில்லை. வீட்டில் இளையராஜா, வெளியில் ஹிப்-ஹொப். அண்ணை தந்த தட்டை இரண்டு நாள் கேட்டுவிட்டு, பாட்டுகள் நீளம், ஆனால் டிரம்ஸ் நன்றாயிருக்கிறது என்றேன்.

“நீர் பாட்டைக் கேக்கிறீர் பிள்ளை. பாட்டை ஆரும் கேப்பினம். சனம் எங்க நிக்குதெண்டு சொல்லும் பாப்பம்.”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்கு நெடுநாள் பிடித்தது. அதற்குள் குழுவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

ரஷ் 1968இல் ரொறன்ரோவின் வடக்கே வில்லோடேல் பகுதியில் தொடங்கியது. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இளைஞர்களுக்கென்று நடத்தப்பட்ட இடத்தில்தான் முதலில் வாசித்திருக்கிறார்கள். பேஸ் கிட்டார், கீபோர்ட், குரல் மூன்றும் கெடி லீ. கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். இருவரும் பள்ளித் தோழர்கள். லீயின் பெற்றோர் நாசி வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்து இங்கே வந்த போலந்து யூதர்கள். லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். 1974இல் முதல் இசைத்தட்டு. அதே ஆண்டு ஜூலை 29ஆம் திகதி பியர்ட் வந்து சேர்ந்தார். அதன்பிறகு 2015 வரை ஆளே மாறவில்லை. அண்ணைக்கு இவர்கள் “எங்கட ஊர்ப் பெடியள்.” புறநகரில் வளரும் பிள்ளைகளின் மூச்சுமுட்டலைப் பாடும் ‘சப்டிவிஷன்ஸ்’ பாட்டுக்கு எடுத்த காணொளியில் வரும் பள்ளிக்கூடம் ஸ்காபரோவிலுள்ள லாமரோ பள்ளி. அதைச் சொல்லும்போது அண்ணையின் குரலில் ஏதோ தன் பிள்ளை அங்கே முதலாம் பிள்ளையாக வந்த பெருமை இருக்கும்.

‘ஆர்40’ நிகழ்ச்சியின் அமைப்பு ஒலிப்பதிவு பழகுகிறவருக்கு வரப்பிரசாதம். புதிய பாட்டிலிருந்து தொடங்கிப் பழைய பாட்டை நோக்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். 2012இல் வந்த தட்டில் ஆரம்பித்து, 1974இல் வந்த முதல் தட்டில் முடிகிறது. பாட்டுக்குப் பாட்டு மேடையும் பின்னோக்கிப் போகும். சிவப்பு அங்கி போட்ட பணியாட்கள் நடுவில் வந்து பொருட்களை எடுத்துப் போவதும் மாற்றி வைப்பதுமாக இருப்பார்கள். கடைசியில் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் ஒன்றில், கதிரைக்கு மேல் வைத்த சிறிய ஆம்ப்ளிஃபயரோடு மூன்று பெடியள் நிற்கும் தோற்றம் மட்டும் மிஞ்சும்.

அந்த மேடையில் ஒரு பகிடியும் உண்டு. கெடி லீ பல ஆண்டுகளாகத் தன் பேஸ் கிட்டாருக்கு மேடையில் ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ளவில்லை. கிட்டாரின் சமிக்ஞை நேராக ஒலிமேசைக்குப் போய்விடும். பின்னால் வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு பயணத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக வைத்தார். இன்னொன்றில் கோழி வாட்டும் அடுப்பு. மக்கள் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை, அங்கேதான் எனக்கு முதல் பாடத்தைத் தொடங்கினார்.

மேடையில் ஒரு ஆம்ப் சத்தமாக ஒலித்தால் அது பக்கத்திலுள்ள எல்லா மைக்கிலும் ஏறும். பாடகரின் மைக்கில் டிரம்ஸின் தாளத்தட்டு, டிரம்ஸ் மைக்கில் கிட்டார், கிட்டார் மைக்கில் பேஸ். இதைக் கசிவு என்போம். நிகழ்ச்சி நடக்கும்போது அது அவ்வளவு தொல்லை தராது. பிறகு உட்கார்ந்து கலக்கும்போதுதான் தெரியும்: குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் தாளத்தட்டும் சேர்ந்து உயரும், தாளத்தட்டைத் தணித்தால் குரல் மங்கும். மேடையில் ஆம்ப் இல்லையென்றால், ஸ்பீக்கருக்குப் பதில் காதுக்குள் வைக்கும் கருவியில் கலைஞர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு தடமும் சுத்தமாக வரும்.

சுத்தமாக வந்தால் வேறொரு சிக்கல் வரும். மண்டபமே காணாமல் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். அண்ணை எங்கள் ஆட்களின் ஒரு மெல்லிசை நிகழ்ச்சியின் பதிவைப் போட்டார். கீபோர்ட் நேர்வயரில், ஒக்டபேட் என்ற மின்தாளக் கருவி நேர்வயரில், பேஸ் நேர்வயரில், பாடகர் உதட்டோடு ஒட்டிய மைக்கில். எல்லாம் ஒலிமேசையிலிருந்து அப்படியே எடுத்தது. அறுநூறு பேர் இருந்த மண்டபம் அது; பதிவில் ஒரு அறையில் ஒருவர் கரோக்கி பாடுவதுபோல் இருந்தது. பாட்டு முடிந்ததும் பாடகரின் மைக் வழியாகத் தூரத்தில் ஏதோ தகரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அதுதான் கைதட்டல்.

“இது ஆருக்கு நடந்த கச்சேரி?” என்று கேட்டார் அண்ணை.

நேரடி இசைத்தட்டு செய்கிறவர்களுக்கு மேடையிலிருந்து வரும் ஒவ்வொரு வயரையும் பிரிக்கத் தெரிய வேண்டும். ஸ்பிளிட்டர் என்ற பெட்டிக்குள் ஒரு மைக்கின் வயர் போய் மூன்றாகப் பிரிந்து வெளியே வரும். ஒன்று சனத்துக்கு ஒலி கொடுக்கும் மேசைக்கு. இன்னொன்று கலைஞர்களின் காதுக்கு ஒலி அனுப்பும் மேசைக்கு. மூன்றாவது ஒலிப்பதிவுக்கு. மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்க வேண்டியிருப்பதால், ஒருவர் கூட்டிக் குறைப்பது மற்றவரைத் தொடக்கூடாது. ஒலிப்பதிவுக்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு: சனத்துக்கு மைக் வைப்பது. சனத்துக்கு ஒலி கொடுப்பவருக்குச் சனத்தின் மைக் தேவையே இல்லை. அவர் சனத்தின் நடுவில்தானே நிற்கிறார். ஆகவே நாம் கேட்டால் ஒழிய அந்த மைக்கை யாரும் வைக்கமாட்டார்கள்.

வைப்பதிலும் கலை உண்டு. மேடை விளிம்பில் இடமும் வலமுமாக ஒரு சோடி, முகம் சனத்தை நோக்கி. பெரிய ஸ்பீக்கர்கள் அடிக்கும் கோட்டுக்குள் அவை வரக்கூடாது. வந்தால் சனத்துக்குப் பதில் ஸ்பீக்கரைத்தான் பதிவோம். மண்டபத்தின் பின்பக்கம், ஒலிமேசை இருக்கும் இடத்தில் இன்னொரு சோடி. முன்சோடி பிடிப்பது ஆட்களை: விசில், பெயர் சொல்லிக் கூப்பிடுதல், சிரிப்பு. பின்சோடி பிடிப்பது இடத்தை: கூரையின் உயரம், சுவரின் தூரம், இரைச்சல். அண்ணையின் கேள்விக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நல்ல நேரடித் தட்டில் சனம் ஒரே இடத்தில் நிற்காது. பாட்டு ஓடும்போது பின்னால் போகும். நின்றதும் முன்னால் வரும். அதை நகர்த்துகிறவர் ஒருவர் இருக்கிறார். நாம் கேட்கும்போது அவரை நினைப்பதேயில்லை.

அடுத்து நேரக்கணக்கு. ஒலி ஒரு செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் போகும். மேடையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி மைக் வைத்தால் டிரம்ஸின் அடி அங்கே போய்ச்சேர ஏறத்தாழ 87 மில்லிசெக்கன் ஆகும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்த மைக்கில் அது உடனே விழுந்துவிடும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். அண்ணைக்கு இது யாழ்ப்பாணத்திலேயே தெரியும். திருவிழாவுக்கு வீதி நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், நடுவில் நிற்கிறவருக்கு ஒரே பாட்டு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கேட்கும். “அப்ப எங்களுக்கு உதைத் திருத்த வழியில்லை. இப்ப கொம்பியூட்டரில இழுத்து வைக்கலாம்.”

இழுத்து வைப்பதற்கு ஒரு வழி. நிகழ்ச்சிக்கு முன்பு மண்டபம் வெறுமையாக இருக்கும்போது மேடை நடுவில் நின்று ஓங்கி ஒரு கைதட்டு. எல்லா மைக்கும் அதைப் பதியும். பிறகு திரையில் பார்த்தால் ஒவ்வொரு தடத்திலும் ஒரு கூர்முனை வெவ்வேறு இடத்தில் நிற்கும். பின்சோடியின் தடத்தை முன்னால் தள்ளிக் கூர்முனைகளை நேர்ப்படுத்தலாம். முழுவதும் நேர்ப்படுத்துவதா, கொஞ்சம் பிந்தவிடுவதா என்பதில்தான் கலவைக்காரர்கள் பிரிகிறார்கள். முழுவதும் நேர்ப்படுத்தினால் டிரம்ஸ் பருத்து, அடி கனக்கும். ஆனால் மண்டபம் சுருங்கும். கொஞ்சம் பிந்தவிட்டால் மண்டபம் விரியும். தாளம் கொஞ்சம் இளகும். அண்ணை பிந்தவிடுகிற கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

பிறகு வடிகட்டல். சனத்தின் தடங்களில் அடிநாதம் முழுவதையும் வெட்டிவிட வேண்டும். 150, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அந்த மைக்குகளில் இருப்பது பேஸின் குழப்பமான எதிரொலி மட்டும்தான். அதை விட்டால் முழுக் கலவையும் சேறாகும். மேலே, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில், மைக்குக்குப் பக்கத்தில் நின்று விசிலடித்தவர் காத்திருப்பார். எல்லா நிகழ்ச்சியிலும் அவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்தக் கருவியும் உதவாது. ஒவ்வொரு விசிலாகக் கையால் தணிக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அண்ணை ரஷ் குழுவின் பழைய நேரடித் தட்டுகளைத் தந்தார். இங்கேதான் எனக்குக் காது திறந்தது என்று நினைக்கிறேன்.

1976 ஜூன் 11, 12, 13இல் ரொறன்ரோவின் மாசி ஹோலில் பதிவானது ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’. அவர்களுடைய முதல் நேரடித் தட்டு. அதுவும் சொந்த ஊர்தான். 1894இல் திறந்த மண்டபம் அது. மூவாயிரம் பேர்கூடக் கொள்ளாது. ஒலி கரடுமுரடானது, கிட்டார் ஊளையிடும், ஆனால் அந்த மண்டபத்துக்குள் ஒரு வியர்வை இருக்கிறது. அதற்கு நேரெதிர் 1981இல் வந்த ‘எக்சிட்... ஸ்டேஜ் லெஃப்ட்’. மொன்றியலிலும் பிரித்தானியாவிலும் பதிந்த பாட்டுகள். சுருதி, தாளம், கலவை எல்லாம் மாசு மருவில்லாதவை. சனத்தை மிகவும் பின்னால் தள்ளிவிட்டார்கள். பல இடங்களில் ஸ்டூடியோத் தட்டோ என்று தோன்றும். என் கணிப்பில் அது அழகான தட்டு, மோசமான நேரடித் தட்டு. ரஷ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

மூன்றாவது ‘ரஷ் இன் ரியோ’. 2002 நவம்பர் 23ஆம் திகதி பிரேசிலின் மரக்கானா அரங்கில் சுமார் 40,000 பேர். மழையிலும் தாமதத்திலும் சாமான்கள் பிந்தி வந்ததால் சவுண்ட் செக் செய்யவே நேரமில்லை. பதிவில் அது தெரிகிறது. சனம் குழுவையே விழுங்குகிறது. ஆனால் ‘வை வை ஸெட்’ என்ற பாட்டு வரும்போது நடப்பதைக் கேட்க வேண்டும். அது சொல்லே இல்லாத வாத்திய இசை. பாடுவதற்கு அதில் எதுவும் இல்லை. அந்த 40,000 பேரும் கிட்டார் மெட்டையே வாயால் பாடுகிறார்கள். அந்த இடத்தில் சனத்தைத் தணித்திருந்தால் அந்தத் தட்டுக்கு வேலையே இல்லை.

அதே பாட்டு ‘ஆர்40’ தட்டிலும் உண்டு. ஆனால் ரொறன்ரோவில் அதற்கு இன்னொரு உரிமை இருக்கிறது. வை வை ஸெட் என்பது இந்த ஊரின் பியர்சன் விமான நிலையத்துக்குரிய மூன்றெழுத்துக் குறி. அந்த எழுத்துகளை மோர்ஸ் தந்திக் குறிப்பில் அடித்தால் வரும் நெடிலும் குறிலுமே பாட்டின் தொடக்கத் தாளம். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திறங்கிய எங்கள் எல்லோருடைய பெட்டியிலும் அந்த மூன்றெழுத்துத் துண்டு ஒட்டியிருந்தது. எங்கள் அம்மா இன்னும் ஒரு பெட்டியில் அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார். உள்ளூர்ச் சனம் முதல் சில அடிகளிலேயே அதை அடையாளம் கண்டுகொள்கிறது. அண்ணை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். அடையாளம் காணும் ஆரவாரம் ஒரே நேரத்தில் எழாது. முன்வரிசை முதலில், பிறகு நடு, மேல்மாடி கடைசியில். அது அரங்கின் அளவைக் காட்டும். அந்த எழுச்சியை ஒரே மட்டமாக நசுக்கினால் அரங்கும் மட்டமாகிவிடும்.

நசுக்குவது கம்பிரஸர். சத்தம் கூடினால் தானாகத் தணித்து, குறைந்தால் அந்தத் தணிப்பைத் தானாக விடும் கருவி. குரலுக்கும் பேஸுக்கும் அது இல்லாமல் முடியாது. முழுக் கலவைக்கும் அதைத் தாராளமாகப் போட்டால், குழு அடித்து நிறுத்திய மறுகணம் சனம் திடீரென்று வீங்கி எழும். இயந்திரம் மூச்சு வாங்குவது கேட்கும். ஆகவே சனத்தின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் கையால்தான் ஓட்ட வேண்டும். பாட்டின் கடைசி அடிக்குச் சற்று முன்பே மெதுவாக ஏற்றத் தொடங்க வேண்டும். அடி விழுந்த பிறகு ஏற்றினால் கதவைத் திறந்து மூடியதுபோல் ஆகிவிடும். பாட்டு தொடங்கும்போது உடனே இறக்கக்கூடாது. முதல் வரி முடியும்வரை விட வேண்டும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதற்குக் கணக்கு இல்லை. பாட்டு தெரிந்திருக்க வேண்டும். அதோடு அந்தப் பாட்டுக்குச் சனம் என்ன செய்யும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி வயது. ‘ஆர்40’ பதிவானபோது கெடி லீக்கு 61, பியர்டுக்கு 62. இளமையில் லீயின் குரல் கண்ணாடியைக் கீறும் உயரத்தில் நிற்கும். நிகழ்ச்சி பின்னோக்கிப் போவதால் என்ன ஆகிறது என்றால், களைப்பில்லாத தொடக்கத்தில் வயதுக்கேற்ற புதிய பாட்டுகள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பாடிய பிறகு, இருபது வயதில் எழுதிய, மிக உயரமான பாட்டுகள். எந்தப் பாடகரும் தனக்குத் தானே இப்படி ஒரு தண்டனை கொடுக்கமாட்டார். கடைசி இறுவட்டில் அவர் ஏறுவதும் எட்டாமல் வளைந்து போவதும் எனக்குக் கேட்கிறது. பியர்டுக்கும் அப்படியே: முதல் பாதிக்கு ஒரு டிரம்ஸ் தொகுதி, இரண்டாம் பாதிக்கு எழுபதுகளின் பாணியில் இரண்டு பேஸ் டிரம் கொண்ட இன்னொரு தொகுதி. ஒரே இரவில் இரண்டு தொகுதி என்றால் மைக் வைப்பதிலிருந்து கலவை வரை ஒலிப்பதிவுக்காரருக்கு இரண்டு நிகழ்ச்சி. தோளிலும் மூட்டுகளிலும் வலியோடுதான் பியர்ட் அந்தப் பயணத்தை முடித்தார்.

குரலைத் திருத்தும் மென்பொருள் இன்று எங்கள் எல்லோரிடமும் உண்டு. சொடுக்கினால் சுருதி நேராகும். எங்கே தொடுவது என்று அண்ணையிடம் கேட்டேன்.

“மைக் விழுந்தால் திருத்தும். வயர் கரகரத்தால் திருத்தும். மனுசருக்கு வயசு போனதை ஏன் திருத்துறீர்? உதுதானே விழா.”

எனக்கு இதில் முழு உடன்பாடில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாடகர் சளியோடு வந்து பாடிய ஒரு வரியைத் திருத்தித் தருவது அவருக்குச் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன். இரண்டு இரவு பதிவது எதற்கு? ஒன்றில் தவறினால் மற்றதிலிருந்து எடுக்கத்தானே. ஆனால் ஆண்டுவிழாத் தட்டில் அண்ணை சொல்வதற்குப் பலம் அதிகம். நாற்பது ஆண்டு ஆகிவிட்டது என்பதைக் கேட்கிறவருக்கு அந்தக் குரல்தான் சொல்கிறது.

‘லூசிங் இட்’ என்றொரு பாட்டு 1982இல் வந்தது. கலைஞர்கள் தங்கள் திறமை கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பற்றியது. இந்தப் பயணம் வரை அதை அவர்கள் மேடையில் வாசித்ததேயில்லை. ரொறன்ரோவில் மூலப்பதிவில் வயலின் வாசித்த பென் மிங்கே வந்து வாசித்தார். சனத்தின் தடத்தை மட்டும் மனதில் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய அரங்கு அந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்று.

எனக்குக் கையில் வேலை கிடைத்தது எங்கள் ஊர் மெல்லிசைக்குழு ஒன்றின் வெள்ளிவிழாவில். ஒரு விருந்து மண்டபம், தாழ்ந்த கூரை, கம்பளம் விரித்த தரை. எதிரொலி என்று பெரிதாக எதுவும் இல்லாத இடம். அண்ணை சனத்துக்கு ஒலி கொடுக்கும் மேசையில். ஒலிப்பதிவு என் பொறுப்பு. முன்சோடியை மேடை விளிம்பில் பூ அலங்காரத்துக்குள் மறைத்தேன். பின்சோடியைச் சாப்பாட்டு மேசைகளுக்கு எட்டாத தூரத்தில் உயரமான தாங்கியில் வைத்தேன். தட்டு, கரண்டிச் சத்தம் ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது. கைதட்டிக் குறித்துக்கொண்டேன். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். உச்சச் சத்தத்துக்கு மேலே தாராளமாக இடம் விட்டுப் பதிந்தேன். சனம் வந்து நிறைந்ததும் வெறும் மண்டபத்தில் வைத்த அளவெல்லாம் மாறும். ஆட்களின் உடம்பும் உடுப்பும் மேல்ஸ்தாயியைக் குடித்துவிடும்.

அந்த இரவில் ஒரு பழைய திரைப்பாட்டின் முன்னிசையைக் கீபோர்டில் தொடங்கியதும் மண்டபத்தின் பின்பக்கத்தில் ஓர் அம்மா “ஐயோ” என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மேசை சிரித்தது. பிறகு கைதட்டல் முன்னால் வந்தது. ரொறன்ரோ அரங்கில் முன்னாலிருந்து பின்னால் போன எழுச்சி எங்கள் மண்டபத்தில் பின்னாலிருந்து முன்னால் வந்தது. எங்கள் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் பிரமுகர்கள். அவர்கள் கடைசியாகத்தான் தட்டுவார்கள்.

பல்லவி திரும்பும்போது மண்டபமே பாடியது, பாடகரைவிட அரை மாத்திரை பிந்தி. கலக்கும்போது எனக்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கும் இதில்தான் இழுபறி. சனத்தை எடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகள் கத்துவது கேட்கிறது, கதிரை இழுபடுவது கேட்கிறது, தாளம் குழம்புகிறது. இரண்டு கலவை செய்து கொடுத்தேன். ஒன்றில் ஒலிமேசை மட்டும். மற்றதில் சனம் இருந்தது. கதிரைச் சத்தத்தையும் காதைக் குத்திய விசில்களையும் கையால் தணித்திருந்தேன், பாடிய குரல்களை ஒரு 20 மில்லிசெக்கன் மட்டும் முன்னால் இழுத்திருந்தேன், “ஐயோ”வை விட்டுவைத்திருந்தேன். குழுவில் ஒக்டபேட் வாசிக்கும் பெரியவர் இரண்டாவதைக் கேட்டுவிட்டு, அந்தக் குரல் யாருடையது என்று பெயர் சொன்னார். இரண்டாவதுதான் வெளியானது.

ரஷ் 2015 ஆகஸ்ட் 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் அந்தப் பயணத்தை முடித்தது. 2020 ஜனவரி 7ஆம் திகதி நீல் பியர்ட் காலமானார். அந்த மூவரும் ரொறன்ரோவில் சேர்ந்து மேடையேறியது அந்த இரண்டு இரவோடு முடிந்தது. ‘ஆர்40’ நிகழ்ச்சி முடியும் பாட்டுகளில் ஒன்று ‘வட் யூ ஆர் டூயிங்’. 1976இல் மாசி ஹோலில் பதிந்த முதல் நேரடித் தட்டும் அதே பாட்டில்தான் முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுச் சனத்தை மட்டும் கேட்பது இன்றும் அண்ணை புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி.

உங்கள் சங்கத்துக்கோ, கோயிலுக்கோ, இசைக்குழுவுக்கோ, பழைய மாணவர் மன்றத்துக்கோ இருபத்தைந்தாம் ஆண்டு, நாற்பதாம் ஆண்டு என்று விழா வருகிறதென்றால், ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: சனத்துக்கென்று இரண்டு மைக் தனித்தடத்தில் பதிவாகுமா என்று. ஒரு சோடி மைக், இரண்டு நீள வயர், பதியும் கருவியில் இரண்டு காலி இணைப்பு, அவ்வளவுதான் செலவு. விழா முடிந்த மறுநாள் கேட்டால் எந்த ஒலியமைப்பாளராலும் அதைத் தர முடியாது.